கேட்டால் சொல்ல ஆயத்தமா? அன்றாட வாழ்வில் விசுவாசத்தைப் பகிர ஒரு வழிகாட்டி

சர்ச்சில் இரண்டு மணி நேரம் பாடவும் ஜெபிக்கவும் தெரிந்தவரிடம், பக்கத்து மேஜைக்காரர் "நீங்க எதுக்கு இயேசுவை நம்புறீங்க?" என்று கேட்டுவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிலருக்கு நேர்மாறு. திறந்த வாய் நாற்பது நிமிடம் மூடுவதில்லை. கேட்டவர் மறுநாள் முதல் வேறு வழியாக நடந்து போகிறார். இரண்டும் ஆயத்தம் இல்லாததால் வருகிற கோளாறுதான். ஆயத்தமாக இரண்டு வாரம் போதும்.

மேடைப் பிரசங்கமும் தெருமுனைக் கூட்டமும் இங்கே பேச்சு இல்லை. வீட்டிலும் வேலையிலும் பயணத்திலும் தினம் பார்க்கிற மனிதரோடு எப்படிப் பேசுவது என்பது மட்டும்தான். தேவையானவை: சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு, ஒரே மொழிபெயர்ப்பில் மாற்கு எழுதிய சுவிசேஷம் இரண்டு பிரதி, இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு அரை மணி. பணச் செலவு அந்த இரண்டு பிரதியோடு முடிந்தது. நேரச் செலவுதான் பெரிது. ஒருவரோடு சேர்ந்து வாசித்து முடிக்க ஏழெட்டு வாரம் ஆகும். அவராகக் கேட்கும் நாள் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் பின்னால் அவசரப்பட்டுக் கெடுக்க மாட்டீர்கள்.

1. ஐந்து பெயரை எழுதுங்கள்

ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐம்பது பெயர் எழுதினால் யாரையுமே நினைக்க மாட்டீர்கள். மாதத்தில் ஒரு முறையாவது நேரில் பேசுகிறவர்களாக இருக்கட்டும். தினமும் அந்த ஐந்து பேருக்காக, பெயர் சொல்லி, ஐந்து நிமிடம் ஜெபியுங்கள்.

குறிப்பேட்டில் பெயர் மட்டும் போதும். "கணவனோடு சண்டை", "கடன் தொல்லை" என்றெல்லாம் பக்கத்தில் எழுதி வைக்காதீர்கள். அந்த நோட்டு என்றைக்காவது அவர் கையிலேயே கிடைத்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாத எதையும் எழுத வேண்டியதில்லை. இந்தப் பெயர்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. அக்கறையாகத் தொடங்குவது இரண்டே நாளில் வம்பாகிவிடும்.

2. சாட்சியை 300 சொல்லில் எழுதுங்கள்

சாட்சி என்றால் நீங்கள் இயேசுவை நம்ப வந்த கதை. நிதானமாகப் பேசினால் 300 சொல் ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒருவர் குறுக்கிடாமல் கேட்கிறார் என்றால் அது மரியாதைக்காகத்தான்.

அமைப்புக்கு அப்போஸ்தலர் 26ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசியது மூன்று பகுதியாகப் பிரிகிறது: முன்பு எப்படி இருந்தேன் (4 முதல் 11 வரை), இயேசுவை எப்படிச் சந்தித்தேன் (12 முதல் 18 வரை), அதற்குப் பின் என்ன (19 முதல் 23 வரை). முதல் இரண்டும் கிட்டத்தட்ட சம அளவு, மூன்றாவது கொஞ்சம் சிறியது. நாம் எழுதினால் முதல் பகுதியே முக்கால் பங்கை விழுங்கிவிடும். குடித்தேன், அடித்தேன், ஏமாற்றினேன் என்று நீள்வதைக் கேட்கிறவர் ரசிப்பார், ஆனால் கடைசியில் அவருக்கு நினைவில் நிற்பது குடிதான். ஒவ்வொரு பகுதிக்கும் நூறு சொல் என்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

இதே பவுல் 22ஆம் அதிகாரத்தில் எருசலேம் கூட்டத்துக்கு இதே சம்பவத்தைச் சொல்கிறார். அங்கே யூதப் போதகர் கமாலியேலிடம் படித்ததை முன்னால் வைக்கிறார், நியாயப்பிரமாணத்தை வழுவாமல் கைக்கொண்ட அனனியாவைப் பற்றிச் சொல்கிறார். அகிரிப்பாவிடம் இந்த இரண்டு பெயரும் வரவே இல்லை. நடந்தது ஒன்றே, எதை எடுத்துச் சொல்வது என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. அதனால் எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். சம்பவங்களின் வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவ வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் "எனக்குச் சொல்லச் சாட்சியே இல்லை" என்பார்கள். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). அதில் ஒரு குறையும் அவர் காணவில்லை. உங்களுக்கு ஏற்ற கேள்வி இது: பெற்றோர் சொன்னதை நீங்களே உண்மை என்று பிடித்துக்கொண்டது எந்தக் கட்டத்தில்? தேதி தெரிய வேண்டியதில்லை. ஒரு தேர்வு, ஒரு நோய், விட்டுவிடலாமா என்று நினைத்துவிட்டு விடாமல் இருந்த ஒரு காலம், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

எழுதியபின் மூன்று இடங்களில் பேனாவை ஓட்டுங்கள். ஒன்று, மிகை. "அன்றிலிருந்து ஒரு கவலையும் இல்லை" என்ற வாக்கியம் உங்களைத் தினமும் பார்க்கிற ஆஃபீஸ் நண்பரிடம் செல்லாது. இரண்டு, அடுத்தவர் ரகசியம். கணவரின் குடியும் அண்ணனின் வழக்கும் உங்கள் சாட்சியில் வருமானால் அவர்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். மூன்று, வாக்குறுதி. "எனக்கு வேலை கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கும்" என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை.

இதோடு முப்பது வினாடி வடிவம் ஒன்றும் வேண்டும். லிப்டில், பேருந்தில், டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க. யோவான் 9இல் பார்வை பெற்றவர் விசாரணையில் சொன்னது அவ்வளவுதான்: இயேசுவைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியாது, குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது தெரியும்.

3. சபைத் தமிழைக் கழற்றி வையுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். வழுக்கியதே அவர்களுக்குத் தெரியாது.

நாம் வாசித்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் நமக்கு ஊறிப்போனது. வெளியே இருப்பவர் காதில் அதே சொல் வேறு பொருளில் விழுகிறது. "பத்துக் கற்பனைகள்" என்கிறோம், அவர் காதில் பத்துக் கட்டுக்கதை. சபையில் கற்பனை என்றால் கட்டளை, வெளியே கற்பனை என்றால் இல்லாததை நினைப்பது. 1 பேதுரு 3:15இல், விசாரித்துக் கேட்பவர்களுக்கு "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று இருக்கிறது. அந்த நாளில் உத்தரவு என்றால் மறுமொழி. இன்றைக்கு உத்தரவு என்றால் அதிகாரி போடுவது. இந்த வசனத்தையே அதிகாரி தோரணையில் நிறைவேற்றுகிறவர்களும் உண்டு, அது வேறு விஷயம்.

இன்னும் சில:

"பாவம்" என்றால் பாதிப் பேருக்கு "ஐயோ பாவம்" என்கிற பரிதாபம்தான் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு புண்ணியத்துக்கு எதிர்க்கணக்கு. "தப்பு என்று தெரிந்தே செய்தேன், கடவுள் வேண்டாம் என்று என் போக்கில் போனேன்" என்று விரித்துச் சொல்லுங்கள். "நீங்கள் பாவி" என்று தொடங்காதீர்கள், "நான்" என்று தொடங்குங்கள்.

"மறுபடியும் பிறந்தேன்" என்றால் மறுஜென்மம் என்று புரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யூதருக்குப் போதகரான நிக்கொதேமுவே, தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியுமா என்றுதான் கேட்டார்.

"தேவன்" என்பது தேவர்களில் ஒருவர் என்று விழும். "கடவுள்" என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

"உங்களைக் குறித்து எனக்குப் பாரமாயிருக்கிறது." இதை அன்பாகத்தான் சொல்வீர்கள். கேட்பவர், நான் இவருக்குச் சுமையாகிவிட்டேனா என்று நினைப்பார். "உங்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும்.

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்றால் காதில் குரல் கேட்டதாக எடுத்துக்கொள்வார். வசனம் மனதில் தைத்ததைச் சொல்கிறீர்கள் என்றால், "வாசிக்கும்போது இந்த வரி என்னை விடவில்லை" என்று அதையே சொல்லுங்கள்.

"சாட்சி" என்றால் கோர்ட், "ஊழியர்" என்றால் சம்பளத்துக்கு வேலை செய்பவர். "கிருபை" பாட்டில் கேட்ட சொல், பொருள் தெரியாது. "தகுதி பார்க்காமல் கொடுத்தது" என்றால் விளங்கிவிடும்.

"புறஜாதியார்", "அஞ்ஞானிகள்", "உலகத்தார்", "இருளில் இருப்பவர்கள்" ஆகியவற்றை மாற்றிச் சொல்ல வேண்டாம், அடியோடு விட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சொல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம். அவர் இல்லாத இடத்தில் பழகிய சொல்தான் அவர் இருக்கும்போது வாய் தவறி வரும்.

சரிபார்க்க ஒரு வழி: உங்கள் 300 சொல்லை போனில் பதிவு செய்து, சர்ச் பக்கம் போகாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வரும்போதெல்லாம் விரலை மடக்கட்டும். ஒரு கை விரல் முழுதும் மடங்கினால் மறுபடி எழுதுங்கள்.

இதற்கு எதிர்க்கோடியும் ஒன்று உண்டு. யாருக்கும் உறுத்தக் கூடாது என்று "ஏதோ ஒரு சக்தி", "மேலே இருப்பவர்" என்று பூசி மெழுகுவது. இயேசு, சிலுவை, உயிர்த்தெழுந்தார், ஜெபம் ஆகிய சொற்களை மாற்ற வேண்டியதில்லை. அவற்றை எடுத்துவிட்டால் பகிர்வதற்கு எதுவும் மிஞ்சாது.

4. செய்தியை நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்

சாட்சி உங்களைப் பற்றியது. சுவிசேஷம் என்கிற இந்தச் செய்தி இயேசுவைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், "எனக்கு நிம்மதி கிடைத்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "எனக்கு அதெல்லாம் இசையிலேயே கிடைக்கிறது" என்று அவர் சொன்னால் மேலே போக வழியில்லை.

1 கொரிந்தியர் 15:3-4 அந்தச் சாரத்தைத் தருகிறது: வேதவாக்கியங்களின்படி கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்து, உங்கள் பேச்சு நடையில் எழுதுங்கள். உதாரணமாக: "கடவுள் நம்மைத் தம்மோடு வாழவே உண்டாக்கினார், நாம் விலகிப் போய்விட்டோம். அந்த விலகலின் விளைவை இயேசு சிலுவையில் தன்மேல் ஏற்றுக்கொண்டு இறந்தார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவரை நம்பித் திரும்பி வருகிறவரைக் கடவுள் மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறார்." இது மாதிரிதான். உங்கள் வாயில் வராத சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள், நான்கு கருத்தில் ஒன்றையும் விடாதீர்கள்.

5. நேரமும் இடமும்

அளவு ஒன்றை மனதில் வையுங்கள். "லீவு நாள்ல என்ன பண்ணீங்க?" என்றால் ஒரு வாக்கியம்: "சர்ச்சுக்குப் போனேன், மன்னிப்பைப் பற்றிப் பேசினார்கள், கொஞ்சம் உறைத்தது." அதோடு நிறுத்துங்கள். அவர் மேலே கேட்டால் முப்பது வினாடி. அதற்கும் மேல் கேட்டால் மூன்று நிமிடம். மறுபடி கேட்டால், வாசித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒவ்வொரு படியிலும் கதவைத் திறப்பது அவராக இருக்கட்டும். பேதுருவின் வசனம் பேசுவதும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதைப் பற்றித்தான், அதுவும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". முதல் ஒரு வாக்கியத்தை மறைக்காமல் சொல்வதுதான் உங்கள் பங்கு. அதைச் சொல்லாதவரிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

பேசக் கூடாத இடங்கள் தெளிவாகவே உண்டு.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாகத் தொடங்காதீர்கள். சம்பள உயர்வு உங்கள் கையில் இருக்கும்போது அவர் சொல்லும் "நல்லா இருக்கு சார்" எதற்குச் சொன்னது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் இதே விதி. வேலை நேரம் முதலாளியின் நேரம், இடைவேளையில் பேசுங்கள். நிறுவனத்தில் இது பற்றி எழுதப்பட்ட விதி இருந்தால் அதை முதலில் வாசித்துவிடுங்கள்.

பிறர் பிள்ளைகளிடம் பெற்றோர் அறியாமல் பேசாதீர்கள். ஒரு முறை நம்பிக்கை போனால் அந்தக் குடும்பமே போய்விடும்.

துக்க வீட்டில் பிரசங்கம் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், போன் செய்ய வேண்டியவர்களுக்குச் செய்யுங்கள், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கு வசனப் படம் அனுப்புவது பகிர்தல் ஆகாது. ஐந்தாவது நாள் உங்களை மௌனத்தில் போட்டுவிடுவார்கள், பிறகு உண்மையான செய்தியும் போய்ச் சேராது. பிரசங்க வீடியோ லிங்கும் அப்படித்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருந்தால் மட்டும், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்புங்கள்.

6. கேள்விக்குப் பதில்

எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் ஒன்று: "தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்." சொன்னால் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் கேள்வியையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வராமல் போவது, தப்பாகப் பதில் சொல்வதைவிட மோசம்.

துன்பம் பற்றிய கேள்விக்கு முன் ஒரு எதிர்க்கேள்வி கேளுங்கள்: "பொதுவாகக் கேட்கிறீர்களா, உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" நடந்தது என்றால் விளக்கம் கொடுக்காதீர்கள், கேளுங்கள். "எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் இருக்கு" என்பது, சொல்கிறவருக்கு மட்டுமே ஆறுதல் தரும். யார் செய்த தவறால் வந்தது என்ற பேச்சுக்கு இயேசுவே இடம் கொடுக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). லாசருவை எழுப்பப் போகிறவர், எழுப்புவதற்கு முன் அழுதார். பொதுவாகக் கேட்டவரிடம் இந்த இரண்டு பகுதியிலிருந்து பேசலாம்.

"பைபிளை மாத்திட்டாங்களாமே?" என்பதற்கு உணர்ச்சிவசப்பட வேண்டாம். புதிய ஏற்பாட்டுக்கு 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே வேறுபாடுகள் உண்டு, பெரும்பாலானவை எழுத்துக்கூட்டலும் சொல் வரிசையும்தான். நீளமான பகுதிகளாக ஐயத்துக்கு உரியவை இரண்டு: மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை. பல பதிப்புகளில் அடிக்குறிப்போ அடைப்புக்குறியோ இருக்கும், அந்தப் பக்கத்தைத் திறந்தே காட்டுங்கள். மறைக்காமல் காட்டுகிறவர் மேல்தான் நம்பிக்கை வரும்.

"உங்க ஆளுங்களே இப்படி நடந்துக்கிறாங்களே" என்றால், "ஆமாம்" என்பதே முதல் பதில். "அவங்க உண்மையான கிறிஸ்தவங்க இல்லை" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். தவறு உங்களுடையது என்றால் மன்னிப்புக் கேளுங்கள்.

பிற சமயங்களைப் பற்றிய கேள்வியில், அவருடைய நம்பிக்கையை அவரிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் கையாகத் தெரிந்ததை வைத்து அவருக்கே விளக்கம் சொல்லும் அபத்தத்தைத் தவிர்க்கலாம். கேலி ஒரு வரி வந்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னை மாத்தப் பாக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டால் நேராகவே சொல்லுங்கள்: "நீங்களும் இயேசுவை நம்பினால் எனக்குச் சந்தோஷம். நம்பாவிட்டாலும் நாம் நண்பர்கள்தான்." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

7. சேர்ந்து வாசியுங்கள்

வாதத்தில் ஜெயிப்பதைவிட, அவர் தன் கண்ணால் ஒரு சுவிசேஷத்தை வாசிப்பது பல மடங்கு மேல். ஏன் மாற்கு? நான்கில் சிறியது, 16 அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மத்தேயுவைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே வம்ச அட்டவணை, பலர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்கள். முழு வேதாகமத்தைக் கொடுத்தால் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் மூச்சு நின்றுவிடும்.

இருவர் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். பழையதில் "மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" என்று இருப்பது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள் என்று வரும். உங்கள் கையில் ஒன்றும் அவர் கையில் ஒன்றும் இருந்தால் நேரமெல்லாம் சொல் ஒப்பிடுவதிலேயே போய்விடும். புதிதாக வாசிப்பவருக்கு இக்காலத் தமிழில் உள்ளதே நல்லது. உங்களுக்குப் பழக்கமான வசனம் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்காமல் இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

வாரம் ஒரு முறை, நாற்பது நிமிடம். ஏழு வாரத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்:

முதல் வாரம்: 1:14 முதல் 2:17 வரை.
இரண்டாம் வாரம்: 4ஆம் அதிகாரம். "இவர் யாரோ" என்று சீஷர்கள் கேட்பதோடு முடிகிறது, நீங்களும் அங்கேயே முடியுங்கள்.
மூன்றாம் வாரம்: 5ஆம் அதிகாரம். பன்னிரண்டு வருஷம் நோயால் வாடிய பெண்ணையும் பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் மாற்கு ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருப்பதை அவரே கண்டுபிடிக்க விடுங்கள்.
நான்காம் வாரம்: 8:22 முதல் 38 வரை.
ஐந்தாம் வாரம்: 10:17 முதல் 52 வரை.
ஆறாம் வாரம்: 14:32 முதல் 72 வரை.
ஏழாம் வாரம்: 15:1 முதல் 16:8 வரை.

ஒவ்வொரு முறையும் சத்தமாக ஒரு தரம் வாசித்துவிட்டு மூன்று கேள்வி. இதில் என்ன நடக்கிறது? இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? உங்களுக்குப் புரியாதது, பிடிக்காதது எது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து சாகின்றன. அவர் அதைக் கேட்பார், கேட்க வேண்டும். உங்களிடம் விளக்கம் இல்லையென்றால் முந்தைய படியில் சொன்ன பதில் இருக்கிறது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, வாசிப்பு வகுப்பாக மாறுவது. நாற்பது நிமிடத்தில் நீங்கள் பேசியது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அடுத்த வாரம் குறையுங்கள். இரண்டாவது தவறு, "இது ரோமரில் எப்படிச் சொல்லியிருக்கு தெரியுமா" என்று வேதாகமம் முழுக்க இழுத்துச் செல்வது. அவருக்குப் பக்கம் தேடவே நேரம் போகும், தனக்கு ஒன்றும் தெரியாது என்ற கூச்சமும் வரும். மாற்குவிலேயே நில்லுங்கள். மூன்றாவது தவறு, சபையிலிருந்து இன்னும் நான்கு பேரை அழைத்து வருவது. ஒருவருக்கு எதிரே ஐந்து பேர் உட்கார்ந்தால் அது விசாரணை.

ஏழு வாரத்தில் நடுவே இரண்டு வாரம் தவறினால் ஒரு முறை விசாரியுங்கள். மூன்றாவது முறை தள்ளிப்போட்டால், "வேண்டாம் என்றால் சொல்லலாம், எனக்கு வருத்தம் இல்லை" என்று நீங்களே வழிவிடுங்கள்.

8. ஜெபிக்கலாமா என்று கேட்பது

கஷ்டத்தைச் சொன்ன ஒருவரிடம், "இதுக்காக நான் ஜெபிக்கலாமா? இப்பவேவா, வீட்டுக்குப் போயா?" என்று கேளுங்கள். தேர்வு அவருடையது. இப்போது என்றால் அரை நிமிடம், சாதாரணப் பேச்சில், அவர் சொன்ன காரியத்துக்காக மட்டும். தலையில் கை வைக்காதீர்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள், "ஆண்டவரே, இவர் தன் பாவத்தை உணரட்டும்" என்பது கடவுளிடம் பேசுவது ஆகாது. ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேளுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு எந்த நிலையிலும் இல்லை. சுகமாகிவிட்டது என்று அவரே சொன்னாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் எதையும் நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

9. உதவியையும் செய்தியையும் பிரித்து வையுங்கள்

பணம், வேலை, பள்ளிச் சேர்க்கை என்று எந்த உதவியும் வாசிப்போடு முடிச்சுப் போடப்படக் கூடாது. தேவை இருந்தால் உதவுங்கள். அன்றைக்கு இயேசுவைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். சில நாடுகளில் ஆசை காட்டி மதம் மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டமே உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும், பொட்டலத்துக்குள் வைத்த துண்டுப் பிரசுரம் பொட்டலத்தின் விலையாகத்தான் படும்.

10. வேண்டாம் என்றால், சரி என்றால்

மாற்கு 10இல் ஐசுவரியவான் துக்கத்தோடு போய்விடுகிறார். இயேசு அவர்மேல் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, பின்னால் ஓடினார் என்று இல்லை. வேண்டாம் என்றவரோடு அடுத்த வாரமும் வழக்கம்போலப் பேசுங்கள், வேறு விஷயங்களை. ஆறு மாதம் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

சரி என்றால் அவசரம் இன்னும் ஆபத்து. முதலில், வீட்டில் யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்லப் போகிறார் என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். கணவனோ மனைவியோ மூன்றாம் மனிதர் மூலம் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. லூக்கா 14:28இல் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கை அவருக்குக் காட்டாமல் ஞானஸ்நானத் தேதி குறிப்பது நேர்மையில்லை.

ஞானஸ்நானத்துக்கான ஆயத்த வகுப்பு ஒவ்வொரு சபைக்கும் வேறு, சில வாரம் முதல் பல மாதம் வரை. போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியவை: எத்தனை வகுப்பு, என்ன அடையாள ஆவணம், புகைப்படம் வேண்டுமா, வயது குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், சாட்சிக் கையெழுத்து போடுவது யார், சான்றிதழ் எப்போது கையில் வரும். பெயர் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. மாற்றினால் படிப்புச் சான்று, வங்கி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டிய அலைச்சல் அவருடையது. ஞானஸ்நானச் சான்றிதழ் சபையின் ஆவணம். அரசுப் பதிவில் மதம் மாற்றுவது தனி நடைமுறை, சில இடங்களில் அதிகாரியிடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிட்டே தேதி குறியுங்கள்.

அவருக்கு உங்கள் சபை பிடிக்காமல் போகலாம், பாட்டு நடையோ தூரமோ ஒத்துவராமல் இருக்கலாம். அப்போது வேறு இரண்டு சபைக்குக் கூடவே போய்ப் பார்த்து, அவர் தேர்ந்தெடுத்த இடத்தின் போதகரிடம் அறிமுகம் செய்துவிடுங்கள். குறிப்பேட்டில் அவர் பெயரை அடிக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன், பிறகு அவர் கூப்பிடும்போது.